லிப்ட் குழியிலிருந்து இரண்டு தரம்

விஜிதரன் குடிக்கிற ஆள் இல்லை. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் இதைக் கேட்கிற எல்லாரும் முதலில் கேட்பது அதைத்தான். பீடி கூட இல்லை. ஆரையம்பதியில் அவன் வீட்டுக்குப் போனால் அவனுடைய மனைவி பிரஷாந்தி அன்று அவன் போட்டிருந்த சட்டையை எடுத்துக் காட்டுவாள். தூரத்தில் நின்று பார்க்கலாம். தொடுவதற்கு விடமாட்டாள். அவளே குச்சியால்தான் தூக்குவாள்.

பேய் என்றால் நடுச்சாமம், நாய் ஊளை, வெள்ளைச் சேலை என்று எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னித்துக்கொள்ளுங்கள். இது பட்டப்பகலில் நடந்தது. சோறு தின்கிற நேரத்தில்.

மட்டக்களப்பு வாவிக் கரையில் ஐந்து மாடி ஹோட்டல் ஒன்று கட்டிக்கொண்டிருந்தார்கள். முன்பு யாரோ தொடங்கிப் பாதியில் போட்டுவிட்டுப் போன கட்டடம். சில வருடங்கள் பாசி பிடித்துக் கிடந்ததைச் சிறில் என்ற கொன்ராக்டர் எடுத்தார். விஜிதரன் அங்கே பலகை வேலைக்காரன். லிப்ட் வரப்போகும் குழி அவனுடைய பொறுப்பு. அடியிலிருந்து ஐந்தாம் மாடி வரை ஒரே இருட்டுக் குழாய். ஒவ்வொரு மாடியிலும் ஆள் உயரத்துக்கு ஒரு வாசல், கதவு இல்லாமல். அடியில் வாவித் தண்ணீர் ஊறி நிற்கும். தண்ணீருக்குள் கம்பிகள் நட்டுக்கொண்டு நிற்கும். தவறினால் கதை முடிந்தது.

விஜி அந்த வாசல்களில் குறுக்காக ஒரு கயிறு கட்டி, சிவப்புத் துணி தொங்கவிட்டிருந்தான். அவ்வளவுதான். யாரும் விழவில்லை. அதனால் தான் செய்தது சரி என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

பிறகு நிதுர்ஷன் வந்தான்.

கிரான் ஊர்ப் பெடியன். கட்டாரில் பெரிய கட்டடங்களில் வேலை செய்துவிட்டு வந்தவன். வெள்ளை ஹெல்மெட், முழங்கால் வரை சப்பாத்து, நெஞ்சிலும் தொடையிலும் பூட்டுகிற பெல்ட். பார்க்க மாப்பிள்ளை மாதிரி இருப்பான். வந்த முதல் நாளே கயிற்றைத் தொட்டுப் பார்த்தான். ஒரு விரலால்தான் தொட்டான். கயிறு அறுந்து விழுந்தது.

"இது தடுப்பு இல்லண்ணே. இது கொடி" என்றான்.

எல்லாரும் சிரித்தார்கள். விஜிக்குக் காது சுட்டது.

அடுத்த நாளே சிறில் எல்லாரையும் கூப்பிட்டார். "இண்டையிலிரிந்து குழி வேல முழுக்க நிதுட பொறுப்பு. விஜி, நீ அவனுக்குக் கூட நில்லு."

கூட நிற்பதாம்! ஒரு வருடம் அந்தக் குழியோடு மாரடித்தவன் அவன். நேற்று வந்தவனுக்குக் கூட நிற்பதாம்!

நிதுர்ஷன் ஒவ்வொரு வாசலிலும் இரும்புக் குழாய் பொருத்தினான். இடுப்பளவில் ஒன்று, முழங்காலளவில் ஒன்று. காலடியில் ஒரு பலகை, கல்லோ ஆணியோ உருண்டு உள்ளே இருப்பவனின் தலையில் விழாதபடி. குழாயைச் சுவரோடு போல்ட் போட்டு இறுக்கினான். பிறகு தன் முழுப் பாரத்தையும் அதில் சாய்த்து ஆடிப் பார்த்தான். விஜி பக்கத்தில் நின்று ஸ்பானர் எடுத்துக் கொடுத்தான். 'கழண்டு விழுந்து தொலை' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே கொடுத்தான்.

தடுப்போடு விட்டானா? சட்டமும் போட்டான்.

"குழிக்குள்ள ஒருத்தர் இரிக்கக்குள்ள வாசலில இன்னொருத்தர் நிக்கணும். தனிய விட்டுட்டு ஒருத்தரும் போகக்கூடா. உள்ளுக்கிரிந்து கூப்பிட்டா முதல் தரத்திலயே ஓம் எண்டு சொல்லணும்."

அந்தக் கடைசிச் சட்டத்துக்குத்தான் எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நம் பக்கத்தில் உச்சிப்பொழுதில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் யார் உடனே ஓம் என்று பதில் கொடுப்பது? மூன்று தரம் கூப்பிட வேண்டும். மூன்றாவது தரம்தான் வாய் திறக்க வேண்டும். ஆள் இல்லாதது இரண்டு தரத்துக்கு மேல் கூப்பிடாது. இது குழந்தைக்கும் தெரியும்.

"மூணாம் தரம் வரைக்கும் பொறுத்தா, விழுந்தவன் இரிப்பானாண்ணே?" என்று நிதுர்ஷன் கேட்டான். எல்லாரும் தலையாட்டிவிட்டு வேலைக்குத் திரும்பினார்கள். அதுவும் விஜிக்கு எரிந்தது.

வீட்டிலாவது நிம்மதி உண்டா என்றால், அங்கேயும் அவன்தான். பிரஷாந்திதான் வேலையாட்களுக்கு மத்தியானச் சோற்றுப் பார்சல் கட்டிக் கொடுப்பவள். ஒரு நாள் நிதுர்ஷன் அவளிடம், "அக்கா, கட்டாரில இரிந்த காலம் முழுக்க இப்பிடி ஒரு கொடுவா மீன் குழம்புக்குத்தான் ஏங்கின" என்று சொல்லிவிட்டான். போதாதா? மறுநாள் முதல் நிதுர்ஷனுடைய பார்சலில் மீன் தலை. தாலி கட்டியவனுக்கு வால் துண்டு.

"தலை எங்ககா?" என்று விஜி கேட்டான்.

"பாவம், தாய் இல்லாத புள்ள."

"எனக்கும்தான் தாய் இல்ல!"

"உங்களுக்கு நான் இரிக்கன்தானே" என்று அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. வால் துண்டை முள்ளோடு கடித்தான்.

இந்த எரிச்சல் முற்றியிருந்த நேரத்தில்தான் அது தொடங்கியது.

மத்தியானம். எல்லாரும் கீழ்த்தளத்தில் வாவியைப் பார்த்தபடி உட்கார்ந்து பார்சலைப் பிரித்திருந்தார்கள். காவலாளி அழகரத்தினம் மட்டும் வழக்கம்போல வெளியே, வேலியோரப் பூவரச மரத்தின் கீழ். கொக்கட்டிச்சோலைக்காரர். பழைய கொன்ராக்டர் காலத்திலிருந்தே அங்கே காவல். மத்தியானத்தில் அவர் கட்டடத்துக்குள் கால் வைத்ததை யாரும் கண்டதில்லை.

குழிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"நிது..."

ஆண் குரல். தொண்டையில் சளி கட்டியது போல. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரம்.

"நிது..."

எல்லாருக்கும் கேட்டது. நிதுர்ஷன் மட்டும்தான், "ஓம்! வாறன்!" என்று கத்திக்கொண்டு எழுந்து ஓடினான். முதலில் பெல்ட்டைச் சுவர் வளையத்தில் கொழுவினான். பிறகுதான் எட்டி டோர்ச் அடித்தான். ஒருவரும் இல்லை. தண்ணீர் அசையாமல் கிடந்தது. எண்ணிப் பார்த்தால் எல்லாரும் வெளியே இருந்தார்கள்.

அடுத்த நாளும் கூப்பிட்டது. அதற்கடுத்த நாளும். இரண்டே தரம். 'நிது' மட்டும்தான்.

காத்தான்குடியிலிருந்து வருகிற டைல்ஸ் மேசன்மார் இரண்டு பேர் இருந்தார்கள், பதியுதீனும் சரீபும். ஒரே மோட்டார் சைக்கிளில் வந்து, ஒரே பார்சலில் சாப்பிடுகிறவர்கள். "ஜின்னுக்கும் கட்டாரால வந்த ஆள்தான் வேணுமாம்" என்றான் பதியுதீன். சரீப் விழுந்து விழுந்து சிரித்தான்.

விஜிக்குச் சிரிப்பு வரவில்லை. பயமும் வரவில்லை. அன்று பின்னேரம் வீட்டுக்குப் போய்ப் பிரஷாந்தியிடம் குமுறினான். "ஒரு வருசமா நிக்கிறன் அந்தக் குழியடியில. ஒரு நாள், ஒரே ஒரு நாள் 'விஜி' எண்டு கூப்பிட்டிச்சா? வந்து ரெண்டு மாசமில்ல, அவனக் கூப்பிடுது!"

அவள் அகப்பையைக் கீழே வைத்துவிட்டு அவனையே பார்த்தாள். "பேய் கூப்பிடல்லெண்டும் எரிச்சலா உங்களுக்கு?"

ஆம். எரிச்சல்தான். அவனே பிறகு ஒத்துக்கொண்டான்.

இன்னொன்றையும் அந்த நாட்களில் அவன் பார்த்தான். இரண்டாம் மாடிக் குழி வாசலுக்கு மேலே, உத்தரத்தில், சீமெந்துக் கை அடையாளம் ஒன்று. ஏணி இல்லாமல் எட்டாத உயரம். யாரோ மேசன் கையை வைத்திருப்பான் என்று விட்டுவிட்டான். அடுத்த நாள் அது ஒரு முழம் கீழே இருந்தது. ஈரமாக இருந்தது. விரல்கள் கீழே பார்த்தபடி... மேலிருந்து யாரோ தலைகீழாக இறங்கி வருவது போல.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நிதுர்ஷன் வந்து அதற்கும் ஒரு சட்டம் சொல்வான் என்று நினைத்தான்.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை.

மாரிகாலம். காலையிலிருந்தே வானம் மூடிக் கிடந்தது. மத்தியானத்தில் விளக்கு வைக்கிற இருட்டு. மழை பிடித்ததும் கரண்ட் போய்விட்டது. நிதுர்ஷன் மூன்றாம் மாடி வாசலுக்குக் கீழே, குழிக்குள் சாரப் பலகையில் நின்று பழைய ஆணிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். விஜி வாசலில் காவல் நின்றான்.

"அண்ணே, டோர்ச்சக் கொஞ்சம் சரியாப் பிடிங்க. ஆட்டாதீங்க."

அவ்வளவுதான் சொன்னான். மரியாதையாகத்தான் சொன்னான். ஆனால் எத்தனை நாள் எரிச்சல் அது!

"நீங்களே புடிங்க" என்று விஜி டோர்ச்சைத் தரையில் வைத்தான். "எனக்குப் பசிக்கி. நான் சாப்பிடப் போறன்."

"தனிய விட்டுட்டுப் போகக்கூடாண்ணே."

"அது உங்கட சட்டம்."

இறங்கிப் போய்விட்டான். போகும்போது திரும்பிப் பார்க்கவில்லை.

கீழே எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மழை இரைச்சலில் பேச்சே கேட்கவில்லை. அவன் தள்ளி, படிக்கட்டுப் பக்கமாக உட்கார்ந்தான். இரண்டு பார்சல்கள் மிச்சம் இருந்தன. ஒன்று அவனுடையது. மற்றது நிதுர்ஷனுடையது. அதை அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

அப்போது...

"விஜி..."

அவன் நிமிர்ந்தான்.

நிதுர்ஷனின் குரல் இல்லை. அவன் ஒருபோதும் 'விஜி' என்று வெறும் பெயர் சொன்னதில்லை. இது அந்தச் சளி கட்டிய குரல். மற்றவர்கள் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். படிக்கட்டுப் பக்கம் இருந்ததால் அங்கே அவனுக்கு மட்டும்தான் கேட்டிருந்தது.

அவனுக்கு முதலில் வந்தது என்ன தெரியுமா? சந்தோசம். கடைசியில் என்னையும் கூப்பிட்டுவிட்டது என்கிற சந்தோசம். இப்படியும் ஒரு மனிதன்!

"விஜி..."

இரண்டாவது தரம். இப்போதுதான் பயம் வந்தது. மூன்றாவது தரத்துக்குக் காத்திருந்தான்.

மழை.

மூன்றாவது தரம் வரவில்லை.

ஆள் இல்லாதது என்று தெரிந்துவிட்டது. பேசாமல் இருக்கலாம். அப்படித்தான் வளர்த்திருக்கிறார்கள். ஆனால் குழிக்குள் ஒருவன் இருக்கிறானே? இருக்கட்டும். பெரிய கட்டார்காரன். அவனுடைய சட்டம் அவனைப் பார்த்துக்கொள்ளும். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.

பார்சலைப் பிரித்தான்.

சோற்றின் நடுவில் மீன் தலை இருந்தது. பெரிய கொடுவாத் தலை.

பிரஷாந்தி மாற்றிக் கட்டிவிட்டாளோ என்று மற்றப் பார்சலைப் பிரித்துப் பார்த்தான். அதில் வால் துண்டு. தன் பார்சலின் கடதாசியில் அவள் 'தலை உங்களுக்கு' என்று எழுதியிருந்தாள். மாறவில்லை. அவள் தெரிந்தேதான் கட்டியிருந்தாள்.

ஒரு தலைக்காக, ஒரு வால் துண்டுக்காக, ஒருவனை இருட்டுக் குழிக்குள் தனியாக விட்டுவிட்டு வந்திருக்கிறான். அது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. சோறு கையில் இருந்தபடியே எழுந்தான்.

"ஓம்! வாறன்!"

அவன் போட்ட சத்தத்தில் எல்லாரும் திரும்பினார்கள். அவன் படியில் ஏறி ஓடினான்.

முதலாம் மாடி. இருட்டு.

இரண்டாம் மாடி. அதைவிட இருட்டு. ஓட்டத்தில் குழி வாசல் எந்தப் பக்கம் என்று பிடிபடவில்லை.

"நிது!"

பதில் இல்லை.

முகத்தில் ஈரக் காற்று பட்டது. சேற்று மணம். வாசல் கிட்டத்தில்தான்... நின்றான். நின்றுவிட்டான், சத்தியமாக நின்றுவிட்டான்.

முதுகில் ஒரு கை பட்டது.

குளிர்ந்த கை. ஈரமாக.

தள்ளியது.

கால் தரையில் இல்லை...

இடுப்பில் இரும்புக் குழாய் இடித்தது. மூச்சு அடைத்தது. பாதி உடம்பு குழிக்குள் தொங்கியது. குழாய் முனகியது. ஒரு போல்ட் 'க்ளிக்' என்றது.

கழலவில்லை.

'கழண்டு விழுந்து தொலை' என்று அவன் எத்தனை தரம் சொல்லியிருந்தான்! அந்தக் குழாய்தான் அவனைப் பிடித்துக்கொண்டு நின்றது.

போன் லைட்டை அடித்தான். முகத்துக்கு நேரே இரண்டு சப்பாத்துகள் தொங்கின.

நிதுர்ஷன். சாரப் பலகை சறுக்கி, பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தான். தலை சாய்ந்திருந்தது. உதடு நீலம்.

விஜி கத்திய கத்தலில் பதியுதீனும் சரீபும் ஓடி வந்தார்கள். ஒருவன் மூன்றாம் மாடிக்கு ஏறிப் பெல்ட்டில் பூட்டியிருந்த கயிற்றைத் தளர்த்த, மற்ற இருவரும் கீழே நின்று காலைப் பிடித்து உள்ளே இழுத்தார்கள். பெல்ட்டைக் கழற்றியதும் நிதுர்ஷன் பெரிதாக ஒரு மூச்சு இழுத்தான். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் விஜி அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு விக்கி விக்கி அழுதான்.

அடுத்த நாள் ஆஸ்பத்திரியில் நிதுர்ஷன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். விஜி கொண்டுபோன சோற்றில் மீன் தலை இருந்தது. இந்தத் தரம் அவனே எடுத்து வைத்தது.

"நல்ல காலம் நீ கூப்பிட்ட" என்றான் விஜி. அது அவனுடைய குரல்தான் என்று இரவு முழுக்கத் தன்னைத் தேற்றி வைத்திருந்தான்.

நிதுர்ஷன் அவனைப் பார்த்தான். "நான் கூப்பிடல்லண்ணே."

"என்ன?"

"பெல்ட் நெஞ்ச இறுக்கிப் போட்டு. சத்தமே வரல்ல. ஆனா நானும் கேட்டன்... உங்கட பேர ரெண்டு தரம். என்ட தலைக்கு மேலயிரிந்து."

வீட்டுக்கு வந்தபோது பிரஷாந்தி கிணற்றடியில் நின்றாள். வாளிக்குள் அவன் முதல்நாள் போட்டிருந்த சட்டை. மூன்றாவது தரம் சவர்க்காரம் போடுகிறாளாம்.

"இஞ்ச பாருங்க. முதுகில இந்தச் சீமெந்துக் கை... போகுதே இல்ல."

ஐந்து விரல்களும் தெளிவாக இருந்தன. கீழே பார்த்தபடி.

திங்கட்கிழமை வேலைக்குப் போனவன் உள்ளே போகாமல் நேரே பூவரச மரத்தடிக்குப் போனான். நடந்ததை அழகரத்தினத்திடம் சொன்னான். கையைப் பற்றி மட்டும் இன்னும் சொல்லவில்லை.

அழகரத்தினம் வெற்றிலையை வாயில் ஒதுக்கினார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"முதுகில கை பட்டிச்சா மனே?"

"ஓம்."

"விரல் கீழ பாத்தா இரிந்த?"

விஜி திரும்பிக் கட்டடத்தைப் பார்த்தான். "உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"பழைய கொன்ராக்டர்ட காலத்தில ரெண்டு பெடியன்மார். நல்ல கூட்டாளிமார். ஒருத்தன போமனாக்கிப் பொறுப்பக் குடுத்தாங்க, மத்தவனுக்கு எரிச்சல். அந்த நேரம் பாத்துக் குழிக்குள்ளயிரிந்து ஒரு குரல். போமன்ட பேர மட்டும் கூப்பிடும். ரெண்டு தரம். மத்தவன் 'அவனத்தான் கூப்பிடுது, அவனத்தான் கூப்பிடுது' எண்டு கறுவிக்கொண்டு திரிஞ்சான். ஒரு நாள் போமன உள்ளுக்க தனிய விட்டுட்டுச் சாப்பிட வந்திட்டான். போமன் விழுந்திட்டான். விழுந்த உடனயே உயிர் போயிட்டெண்டு டாக்குத்தர் சொன்ன. ஆனா அதுக்குப் பிறகு, நாங்க சாப்பிட்டுக்கொண்டிரிக்கக்குள்ள, சாப்பிட வந்தவன்ட பேர ரெண்டு தரம் கூப்பிட்டிச்சு. எனக்கும் கேட்ட. இவன் ஓம் எண்டு ஓடினான்."

"பிறகு?"

"அப்ப அந்த வாசலில குழாய் இல்ல மனே."

அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வாயைத் துடைத்தார்.

"உடம்பத் தூக்கக்குள்ள பாத்தன். அவன்ட முதுகிலயும் இரிந்த, அந்தக் கை. அது முதல்ல கூப்பிடுறவன் அதுக்குத் தேவல்ல. மத்தவன்தான் தேவ. ஒருத்தனக் கூப்பிடுறதே மத்தவன எரிய வைக்கத்தான்."

விஜி வேலையை விடவில்லை. சிறில் போகச் சொன்னாலும் போகமாட்டேன் என்று நின்றான். நிதுர்ஷன் திரும்பி வரும்வரை குழி தன் பொறுப்பு என்றான். ஒவ்வொரு வாசலிலும் குழாயைப் பிடித்து ஆட்டிப் பார்த்து, ஒவ்வொரு போல்ட்டையும் தன் கையால் இறுக்கினான். தனியாக ஒருவரையும் உள்ளே விடவில்லை. இரண்டாம் மாடி உத்தரத்தில் இருந்த கை அடையாளத்தைக் காணவில்லை. சுரண்டிய தடமும் இல்லை.

அன்று மத்தியானம் எல்லாரும் பார்சலைப் பிரித்தார்கள். மழை விட்டிருந்தது. வாவி பளபளவென்று கிடந்தது. பதியுதீனும் சரீபும் வழக்கம்போல ஒரே பார்சலைச் சுற்றி உட்கார்ந்து, கடைசி முட்டைக்குச் சண்டை பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

குழிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"பதியு..."

எல்லாரும் அசையாமல் இருந்தார்கள்.

"பதியு..."

விஜி குழிப் பக்கம் திரும்பவில்லை. பதியுதீனையும் பார்க்கவில்லை. சரீபைத்தான் பார்த்தான்.

சரீபின் சிரிப்பு நின்றிருந்தது. கையில் சோறு அப்படியே இருந்தது. கூட்டாளியை ஒரு மாதிரி, ஏற இறங்கப் பார்த்தான்.

"ஏன்..." என்று மெல்லக் கேட்டான், "ஒன்ன மட்டும் கூப்பிடுது?"